பழுதான செக்டரும் எல்விஎம்மும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் அச்சகத்தின் லினக்ஸ் சர்வரில் 2 டிபி வன்தட்டுகள் மூன்றை எல்விஎம் (பல தட்டுகளின் இடத்தைச் சேர்த்துப் பங்கிடும் மென்பொருள்) வழியாக ஒரே வால்யூம் குரூப்பாகச் (தட்டுகளின் தொகுப்பாகச்) சேர்த்து, அதன்மேல் ஒரே பெரிய லாஜிக்கல் வால்யூமை (தனித் தட்டு போலப் பயன்படும் பகுதியை) அமைத்திருக்கிறோம். இரண்டாவது தட்டில் படிப்புப் பிழை இருப்பதாகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில் வரத் தொடங்கியதால், நான்காவதாக அதே அளவுள்ள புதிய தட்டு ஒன்றைச் சேர்த்து, பிவிமூவ் கட்டளையால் பழையதில் உள்ளவற்றை அதற்கு நகர்த்த முயன்றேன். பாதி வழியில் அது நின்றுவிட்டது. பழுதான செக்டரை (தட்டில் தரவு பதியும் மிகச்சிறிய துண்டை) விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் நகர்த்தும்படி எல்விஎம்முக்குச் சொல்ல முடியாதா? எஃப்எஸ்சிகே ஓட்டினால் சரியாகுமா?

பதில்: எஃப்எஸ்சிகே கட்டளையை இப்போது ஓட்ட வேண்டாம். அது கோப்பு முறைமையின் கணக்கைச் சீர்செய்யும் கருவியே தவிர, தட்டைச் சீர்செய்யும் கருவி அன்று. படிக்க முடியாத இடத்தில் ஓர் அடைவின் விவரம் இருந்தால், அந்த அடைவே இல்லை என்று முடிவு செய்து அதற்கேற்பத் தட்டில் எழுதவும் தொடங்கிவிடும். மீட்கக்கூடிய தரவை நாமே அழித்துக்கொள்ளும் வழிகளில் இதுவே மிகவும் பரவலானது.

எல்விஎம் அடிப்படையில் ஒரு முகவரி அட்டவணைதான். ஒவ்வொரு தட்டையும் எக்ஸ்டென்ட் எனப்படும் துண்டுகளாக, பொதுவாக 4 எம்பி அளவில், பிரித்துக்கொண்டு, லாஜிக்கல் வால்யூமின் எந்தத் துண்டு எந்தத் தட்டின் எத்தனையாவது துண்டில் இருக்கிறது என்று குறித்து வைப்பதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. உங்களுடையதைப் போன்ற, தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் நேர்கோட்டு அமைப்பில், தட்டிலிருந்து வரும் பிழையை அது மறைப்பதும் இல்லை, திருத்துவதும் இல்லை. வந்தபடியே கோப்பு முறைமையிடம் கொடுத்துவிடுகிறது.

பழுதை உண்மையில் கையாள்வது வன்தட்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. ஒவ்வொரு செக்டருடனும் பிழைதிருத்தக் குறியீடு ஒன்றும் சேர்த்து எழுதப்படுகிறது. படிக்கும்போது அக்குறியீட்டைக் கொண்டும் சரிசெய்ய முடியாவிட்டால், தட்டு பலமுறை முயன்று பார்த்துவிட்டு, இறுதியில் படிக்க முடியவில்லை என்று பதிலளித்து, அந்தச் செக்டரை நிலுவைப் பட்டியலில் வைக்கிறது. தட்டு தன் நிலையைத் தானே கணக்கிட்டுத் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 197 என்ற எண்ணுக்கு நேரே நீங்கள் காண்பது இந்த நிலுவைக் கணக்குதான். உதிரி செக்டர்கள் கையில் இருந்தும் தட்டு உடனே மாற்றிக்கொள்வதில்லை, ஏனென்றால் மாற்றிடத்தில் எழுதுவதற்குச் சரியான தரவு அதனிடம் இல்லை. அதே முகவரியில் அடுத்த முறை யாரேனும் எழுதும்போது, அந்த இடம் தாங்குகிறதா என்று சோதித்து, தாங்கினால் அங்கேயே எழுதிக்கொள்ளும்; தாங்காவிட்டால் உதிரிக்கு மாற்றி, 5 என்ற எண்ணுக்குரிய மாற்றீட்டுக் கணக்கைக் கூட்டும். சுருக்கமாகச் சொன்னால், பழுதான செக்டரைக் குணப்படுத்துவது எழுத்து, வாசிப்பு அன்று. ஆனால் எழுதினால் பழைய தரவு போய்விடும். ஆகவேதான் முதலில் நகலெடுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

பிவிமூவ் நின்றதற்குக் காரணம், அது உள்ளுக்குள் ஒரு தற்காலிக மிரரை (ஒரே தரவின் இணைப் பிரதியை) அமைத்து மூலத்திலிருந்து படித்து எழுதுவதே. மூலத்தைப் படிக்க முடியாத இடத்தில் மிரர் முழுமை பெறாது. முழுமை பெறாதவரை பழைய இடத்தை விட்டுக்கொடுக்கவும் அது உடன்படாது. எரிச்சலூட்டினாலும் இது பாதுகாப்பான நடத்தை என்றே கருதுகிறேன். அபார்ட் என்ற தெரிவுடன் பிவிமூவை மீண்டும் அழைத்து நகர்த்தலைக் கைவிடுங்கள். முழுமையாக நகர்ந்த பகுதிகள் ஏதேனும் இருந்தால் அவை புதிய தட்டிலேயே இருக்கும். நகர்ந்து முடியாதவை பழைய தட்டுக்கே உரியவையாகத் தொடரும். உங்கள் அமைப்பில் இரண்டாவது தட்டு முழுவதும் ஒரே பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், புதிய தட்டு மீண்டும் காலியாகிவிடும். அவ்வாறே இருக்கிறதா என்று பிவிஎஸ் கட்டளையால் உறுதி செய்துகொண்டு, அதை வால்யூம் குரூப்பிலிருந்து விலக்கிவிடுங்கள். பின்னர் கோப்பு முறைமையை இறக்கி (அன்மவுண்ட் செய்து), வால்யூம் குரூப்பையும் செயலிழக்கச் செய்யுங்கள். இயங்குதளமும் அதே குரூப்பில் இருந்தால், யுஎஸ்பியில் உள்ள மீட்பு லினக்ஸிலிருந்து கணினியைத் தொடங்கி இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அடுத்து, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு பழைய தட்டு முழுவதையும் புதிய தட்டுக்கு நகலெடுங்கள். சாதாரண டிடி கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ எளிதில் படிக்க முடிகிற பரப்பை முதல் சுற்றில் முழுவதும் எடுத்துவிட்டு, தொல்லை தரும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகே அவற்றுக்குத் திரும்புகிறது. நலிந்த தட்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் இந்த வரிசை மிக முக்கியமானது. இந்த முன்னேற்றத்தைக் குறித்து வைக்கும் குறிப்பேட்டுக் கோப்பை மறக்காமல் கொடுங்கள். அதை மூன்றாவதாக ஓர் இடத்தில், யுஎஸ்பி பென்டிரைவிலாவது, வைத்துக்கொண்டால் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நகல் முடிந்ததும் பழைய தட்டைக் கழற்றிவிட்டுத்தான் வால்யூம் குரூப்பை மீண்டும் செயற்படுத்த வேண்டும். இரண்டு தட்டுகளிலும் ஒரே யுயுஐடி அடையாளம் இருப்பதால், சேர்ந்து இணைந்திருக்கும்போது எது உண்மையானது என்று எல்விஎம் குழம்பும், அல்லது செயற்படவே மறுக்கும். நகல் தட்டின்மீது எஃப்எஸ்சிகே ஓட்டுவதில் தடையில்லை. மீட்க முடியாத செக்டர்கள் சில இருந்தால், டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையைப் பயன்படுத்தி, குறிப்பேட்டில் உள்ள அந்த இடங்களை மட்டும் நகல் தட்டில் தனித்த ஒரு சொல்லால் நிரப்பிவிட்டு, பிறகு அச்சொல் எந்தெந்தக் கோப்புகளில் தென்படுகிறது என்று தேடலாம். எந்தப் புத்தகத்தின் பக்கக் கோப்பு கெட்டது என்று அச்சக வேலையில் அறிவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மூன்று தட்டுகளை நேர்கோட்டில் இணைத்து ஒரே கோப்பு முறைமையை அமைத்தால், மூன்றில் எது செத்தாலும் முழு வால்யூமும் ஆபத்துக்குள்ளாகும். இடம் போதவில்லை என்பதற்காகப் பலர் செய்யும் ஏற்பாடு இது. அன்றாடக் காப்பு நகல் இருந்தாலன்றி இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: என் கணினியில் ஒரே ஒரு செக்டர்தான் பழுது. கெர்னல் பதிவு 60,14,49,656 என்ற செக்டர் எண்ணைத் தருகிறது. அதில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று கண்டறிய முடியுமா? முக்கியமற்ற கோப்பாக இருந்தால் அழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4.

பதில்: முடியும். எல்விஎம் வைத்திருக்கும் அட்டவணை உங்களுக்குப் பயன்படுவதும் இங்கேதான். பொறுமையாகக் கழித்தும் வகுத்தும் பார்த்தால் போதும்.

தட்டின் செக்டர் உண்மையில் 4,096 பைட்டாக இருந்தாலும், கெர்னல் தரும் எண் 512 பைட் அலகிலேயே இருக்கும். உங்கள் பகிர்வு 2,048ஆவது செக்டரில் தொடங்குவதாகக் கொண்டால், அதைக் கழிக்க 60,14,47,608 கிடைக்கும். பகிர்வின் தொடக்கத்தில் எல்விஎம் தன் குறிப்புகளுக்காக இன்னும் 1 எம்பி, அதாவது 2,048 செக்டர், ஒதுக்கியிருக்கும். பிவிஎஸ் கட்டளையிடம் முதல் எக்ஸ்டென்ட்டின் தொடக்க இடத்தைக் கேட்டு இதை உறுதி செய்துகொள்ளுங்கள். அதையும் கழித்தால் 60,14,45,560. ஓர் எக்ஸ்டென்ட் 4 எம்பி என்றால் 8,192 செக்டர்; அதனால் வகுக்க ஈவு 73,418, மீதி 5,304. பழுது இருப்பது தட்டின் 73,418ஆவது எக்ஸ்டென்ட்டில்.

பிவிடிஸ்ப்ளே கட்டளையை வரைபடத் தெரிவுடன் ஓட்டினால், எந்த எக்ஸ்டென்ட் யாருக்கு உரியது என்ற பட்டியல் கிடைக்கும். 51,200 முதல் 102,399 வரையிலான எக்ஸ்டென்ட்கள் உங்கள் ஹோம் வால்யூமின் 0 முதல் 51,199 வரை என்று அது காட்டுவதாக எடுத்துக்கொள்வோம். அப்படியானால் பழுது அந்த வால்யூமின் 22,218ஆவது எக்ஸ்டென்ட். அதை 8,192ஆல் பெருக்கி, மீதியாக வந்த 5,304ஐக் கூட்டினால், வால்யூமின் தொடக்கத்திலிருந்து 18,20,15,160ஆவது செக்டர். ஈஎக்ஸ்டி4இன் வழக்கமான பிளாக் 4,096 பைட், அதாவது 8 செக்டர். ஆகவே பிளாக் எண் 2,27,51,895.

இந்த எண்ணை டிபக்எஃப்எஸ் கருவியின் ஐசெக் கட்டளையிடம் கொடுத்தால் ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு) எண்ணையும், அந்த ஐநோடு எண்ணை என்செக் கட்டளையிடம் கொடுத்தால் கோப்பின் பெயரையும் அது சொல்லும். கருவியைப் படிப்பதற்கு மட்டுமான நிலையிலேயே திறந்துகொள்ளுங்கள்.

கோப்பை அழித்தால் மட்டும் போதாது. அழிக்கும்போது கோப்பு முறைமை அந்தப் பிளாக்கைக் காலி என்று குறித்துக்கொள்கிறதே தவிர, அதில் எதையும் எழுதுவதில்லை. பழுது நாளை வேறொரு கோப்பின் தலையில் விழும். கோப்பு வேண்டாம் என்று முடிவான பிறகு, கோப்பு முறைமையை இறக்கிவிட்டு, அந்த ஒரே பிளாக்கில் டிடி கட்டளையால் நேரடி எழுத்து முறையில் சுழியங்களை எழுதுங்கள். தட்டின் உள் செக்டர் 4,096 பைட்டாக இருந்தால், 512 பைட்டை மட்டும் எழுத முயலும்போது மீதிப் பகுதியைத் தட்டு முதலில் படித்தாக வேண்டியிருக்கும், அதனால் எழுத்தே தோல்வியடையும். முழு 4,096 பைட்டையும் ஒரே வீச்சில் எழுத வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். பிறகு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டி, 197இன் கணக்கு சுழியத்துக்கு வந்ததா, 5இன் கணக்கு ஏறியதா என்று பாருங்கள். பெருக்கலில் ஓர் இலக்கம் பிசகினாலும் நல்ல தரவின்மீது சுழியம் விழும். ஆகவே எழுதுவதற்கு முன் அதே பிளாக்கை ஒருமுறை படித்துப் பார்த்து, பிழை வருவதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிழை வராமல் படிக்க முடிந்துவிட்டால் கணக்கு தவறு.

இந்தக் கணக்கு நேர்கோட்டு வால்யூமுக்குப் பொருந்தும். தின் பூல் (எழுதும்போது மட்டுமே இடம் ஒதுக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு இடையில் இன்னோர் அட்டவணை இருப்பதால், இவ்வழியே நேராகக் கோப்பை அடைய முடியாது.

கேள்வி: பழுதான எக்ஸ்டென்ட்டை எவருக்கும் கொடுக்காமல் பூட்டி வைக்க முடியுமா? அல்லது ஈஎக்ஸ்டி4இன் பழுதுப் பட்டியலில் சேர்த்துவிடுவது மேலா?

பதில்: முதல் வழி இயலும். புதிய லாஜிக்கல் வால்யூமை உருவாக்கும்போது தட்டின் பெயரை அடுத்து முக்காற்புள்ளியிட்டு எக்ஸ்டென்ட் எண்ணைக் கொடுத்தால், எல்விஎம் அந்த எக்ஸ்டென்ட்டையே எடுத்துக்கொள்ளும். ஒரே எக்ஸ்டென்ட் நீளமுள்ள அந்த வால்யூமுக்குப் ‘பழுது’ என்று பெயரிட்டுச் செயலிழக்கச் செய்துவிடலாம். அந்த எக்ஸ்டென்ட் அப்போது காலியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வேறொரு வால்யூமின் நடுவில் அது சிக்கியிருந்தால், சுழியம் எழுதிப் படிக்கத்தக்கதாக்கிய பின் அந்த ஓர் எக்ஸ்டென்ட்டை மட்டும் பிவிமூவால் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் பூட்ட வேண்டும். முழுத் தட்டுக்குமே இனி புதிதாக எதையும் ஒதுக்கக் கூடாது என்றால், பிவிசேஞ்ச் கட்டளையால் ஒதுக்கீட்டைத் தடை செய்யலாம். நான் இதையே விரும்புவேன்.

இரண்டாவது வழி எல்விஎம்மின் மேல் பொருந்தாது. ஈஎக்ஸ்டி4 தன் பழுதுப் பட்டியலை 1ஆம் எண் ஐநோடில், வால்யூமின் பிளாக் எண்களாகவே எழுதி வைக்கிறது. அந்த வால்யூமை நாளை நீங்கள் வேறு தட்டுக்கு நகர்த்தினால், பட்டியலும் கூடவே போய், நல்ல தட்டின் நல்ல இடத்தைப் பழுது என்று சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையில் பழுதான இடமோ எந்தக் குறிப்பும் இல்லாமல் அடுத்த வால்யூமுக்குப் போய்ச்சேரும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் அப்படியொரு பட்டியலே கிடையாது.

ஆனால் இவ்வளவு பாடுபட்டு அந்தத் தட்டை வைத்திருக்கத்தான் வேண்டுமா? கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையின்படி, பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட தட்டுகள் அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாத தட்டுகளைப் போல 39 மடங்கு இருந்தது. அதே கட்டுரை, செயலிழந்த தட்டுகளில் பெரும்பங்கு ஸ்மார்ட்டின் முக்கிய எச்சரிக்கைகள் எதையும் காட்டாமலேயே போயின என்பதையும் பதிவு செய்திருக்கிறது. ஆகவே எச்சரிக்கை வராதது நலம் என்பதற்குச் சான்றாகாது, வந்தால் அதைப் புறக்கணிக்கவும் கூடாது. ஒரே ஒரு செக்டர் மட்டும் மாற்றப்பட்டு, வாரக்கணக்கில் எண்ணிக்கை ஏறாமல் நின்ற தட்டுகள் பல ஆண்டுகள் உழைத்ததும் உண்டு. அத்தகையதைக் கண்காணிப்புக் கேமராப் பதிவு போன்ற, இழந்தாலும் பாதகமில்லாத தரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் தட்டுக்கு எக்ஸ்டென்ட் பூட்டு போடுவது வீண் வேலை.

கேள்வி: நான் எச்பி-யுஎக்ஸ், ஏஐஎக்ஸ் இயங்குதளங்களில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அவற்றின் எல்விஎம் தானே பழுதான பிளாக்கை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும். அவற்றைப் பார்த்து எழுதப்பட்ட லினக்ஸ் எல்விஎம்மில் அந்த வசதி ஏன் இல்லை?

பதில்: நீங்கள் சொல்வது சரி. எச்பி-யுஎக்ஸில் லாஜிக்கல் வால்யூமை உருவாக்கும்போதே பழுது மாற்றீட்டைத் தெரிவு செய்யலாம். அதற்கென்று தட்டில் தனி இடமும் ஒதுக்கப்படும். ஏஐஎக்ஸிலும் அதற்கு நிகரான தெரிவு உண்டு. ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் 1998இல் லினக்ஸுக்கு எல்விஎம் எழுதியபோது எச்பி-யுஎக்ஸின் அமைப்பையே முன்மாதிரியாகக் கொண்டார் என்றாலும், அதற்குள் வன்தட்டுகளே உதிரி செக்டர்களை வைத்துக்கொண்டு தம்முள் மாற்றீடு செய்யத் தொடங்கிவிட்டிருந்தன. ஐபிஎம் லினக்ஸுக்காக உருவாக்கிய இவிஎம்எஸ் என்ற மேலாண்மைத் தொகுப்பில் இவ்வசதி இருந்தது, அத்தொகுப்பு நிலைபெறவில்லை.

இந்த இல்லாமையைக் குறையாக நான் கருதவில்லை. எழுத்துப் பிழை மேலே வந்து சேர்கிறது என்றால், பெரும்பாலும் தட்டின் உதிரிகள் தீர்ந்துவிட்டன அல்லது தட்டின் வேறு பாகம் கெட்டுவிட்டது என்று பொருள். அந்நிலையில் மென்பொருள் இன்னொரு மாற்றிடம் கொடுத்து அதைத் தொடர்ந்து ஓடவிடுவது, கழற்ற வேண்டிய தட்டுக்கு ஆயுளை நீட்டிக் கொடுப்பதாகும்.

கேள்வி: லாஜிக்கல் வால்யூமை ரெய்டு 1 ஆக (ஒரே தரவை இரண்டு தட்டுகளில் வைக்கும் அமைப்பாக) மாற்றிவிட்டால் இந்தக் கவலை தீருமா?

பதில்: பெரும்பாலும் தீரும், இரண்டு காரியங்களை நீங்கள் செய்தால். எல்வி-கன்வெர்ட் கட்டளையால் இருக்கும் வால்யூமையே, பயன்பாட்டை நிறுத்தாமல், ரெய்டு 1 ஆக மாற்றலாம். அதன்பின் ஒரு தட்டில் படிப்புப் பிழை வந்தால், கெர்னல் மறுதட்டிலிருந்து சரியான தரவை எடுத்துச் செயலிக்குக் கொடுப்பதோடு, அதையே பழுதான இடத்தில் திரும்ப எழுதவும் செய்கிறது. அந்த எழுத்துதான் தட்டின் உதிரி மாற்றீட்டைத் தூண்டுகிறது. முன் பதில்களில் தரவை இழந்து செய்ய வேண்டியிருந்தது இங்கே இழப்பின்றித் தானாக நடக்கிறது.

முதலாவதாக, பரப்பு முழுவதையும் காலமுறைப்படி படித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத கோப்பின் செக்டர் எப்போது கெட்டது என்று எவருக்கும் தெரியாது. மறுதட்டு செத்து, புதியதைப் போட்டு மீளமைக்கும்போதுதான் அது வெளிப்படும், அப்போது சரியான பிரதி வேறெங்கும் இருக்காது. நெட்ஆப் நிறுவனத்தின் 15.3 லட்சம் தட்டுகளை 32 மாதங்கள் கவனித்து 2007இல் வெளியான ஆய்வில், 3.45 விழுக்காட்டுத் தட்டுகளில் இவ்வாறு மறைந்திருந்த செக்டர் பிழைகள் காணப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தது காலமுறைப் பரப்புச் சோதனையே. எல்வி-சேஞ்ச் கட்டளையில் சின்க்-ஆக்‌ஷன் தெரிவுக்குச் செக் என்று கொடுத்தால் இச்சோதனை தொடங்கும். மாதம் ஒருமுறை ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரலில்) எழுதிவையுங்கள்.

இரண்டாவதாக, நேர வரம்புகளைப் பொருத்த வேண்டும். மேசைக் கணினிக்கான தட்டுகள் ஒரு செக்டரை மீட்க நிமிடக்கணக்கில் போராடக்கூடியவை. கெர்னலோ 30 நொடி மட்டும் காத்திருந்து, தட்டு பதிலளிக்கவில்லை என்று இணைப்பை மீட்டமைக்கும். ஒரு செக்டர் பிழையாக முடிந்திருக்க வேண்டியது முழுத் தட்டும் ரெய்டிலிருந்து வெளியேறுவதாக முடியலாம். தட்டு இடம் கொடுத்தால், எஸ்சிடி ஈஆர்சி என்ற, பிழை மீட்பு முயற்சிக்கான நேர வரம்பை ஸ்மார்ட் கருவி வழியாக 7 நொடியாக வையுங்கள். பல தட்டுகள் மின்சாரம் நின்றதும் இதை மறந்துவிடுவதால், கணினி தொடங்கும்போதெல்லாம் மீண்டும் அமைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத தட்டாக இருந்தால், கெர்னலின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்துங்கள். ரெய்டு காப்பு நகலுக்கு மாற்றன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் அதை விரிக்கவில்லை.

கேள்வி: எஸ்எஸ்டியிலும் பழுதான எக்ஸ்டென்ட்டைப் பூட்டி வைக்கலாமா?

பதில்: பயனில்லை. எஸ்எஸ்டியில் செக்டர் எண் ஒரு நிலையான இடத்தைக் குறிப்பதன்று. ஒவ்வொரு முறை எழுதும்போதும் தரவு வேறு நினைவகப் பிளாக்குக்குப் போகிறது. என்விஎம்இ வகையில், மிஞ்சியிருக்கும் உதிரியின் விழுக்காட்டையும் தரவுப் பிழைக் கணக்கையும் ஸ்மார்ட் அறிக்கையில் பாருங்கள்.

கேள்வி: பழுது எல்விஎம்மின் சொந்தக் குறிப்புகள் இருக்கும் இடத்திலேயே விழுந்தால் என்ன ஆகும்?

பதில்: அக்குறிப்புகள் ஒவ்வொரு தட்டின் தொடக்கத்திலும் இருக்கின்றன; குரூப்பில் பல தட்டுகள் இருந்தால் வழக்கமாக எல்லாவற்றிலும் அதே பிரதி இருக்கும் என்பதால் ஒன்று கெட்டாலும் அட்டவணை தப்பிவிடும். ஒரே தட்டு உள்ளவர்களுக்கு, ஈடிசி அடைவின் கீழே எல்விஎம் அடைவில் பேக்கப், ஆர்க்கைவ் என்ற பெயர்களில் அட்டவணையின் எளிய எழுத்துப் பிரதிகள் தானாகச் சேமிக்கப்படுகின்றன. பழைய யுயுஐடியையும் இப்பிரதியையும் கொடுத்துப் பிவிகிரியேட் செய்து, பிறகு விஜி-சிஎஃப்ஜி-ரெஸ்டோர் கட்டளையை ஓட்டினால், குறிப்புப் பகுதி மட்டுமே புதிதாக எழுதப்பட்டு, தரவு தொடப்படாமல் வால்யூம்கள் திரும்பக் கிடைக்கும். அந்த எழுத்தே பழுதான செக்டரையும் மாற்றிவிடக்கூடும். சிக்கல் என்னவென்றால், இயங்குதளம் அதே வால்யூம் குரூப்பில் நிறுவப்பட்டிருந்தால் இந்தப் பிரதிகளும் அதற்குள்ளேயே பூட்டுண்டு கிடக்கும். அடைவு முழுவதும் சேர்ந்தாலும் சில நூறு கேபிக்கு மேல் பெரும்பாலும் வராது. இன்றே வேறொரு கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள், வால்யூம்களின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் மறுபடியும் எடுங்கள்.